நிறுத்தக் கூடாத கார்

மாமாவின் சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகத் தவறிப்போனதற்குச் சாதகம் காரணமில்லை, காரின் பற்றறிதான் காரணம் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

மாமா அம்மாவின் தம்பி. துறைமுகத்து டொக்யாட்டில் வேலை. சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். துரை காரைத் தந்தார். முன்பக்கத்தில் செருகிச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் இரும்புக் கம்பியை மட்டும் ஏனோ தன் பெட்டிகளோடு கப்பலேற்றிவிட்டார். பற்றறி அப்போதே கிழடு. மாமா அதை நோயாளியைப்போலப் பார்த்துக்கொண்டார். மூடிகளைத் திறந்து, போத்தலில் பிடித்துவைத்த மழைத்தண்ணீரை வார்ப்பார். முனைகளில் பூத்திருக்கும் பொடியைச் சுடுதண்ணீரால் கழுவிக் கிறீஸ் பூசுவார்.

"மாத்தித் துலையன்ரா தம்பி" என்று அம்மா சொன்னால், "அதுக்கு இன்னும் உயிர் இருக்கு அக்கா" என்பார்.

உயிர் இருந்தது உண்மைதான், எழும்பத்தான் ஏலாது. நல்லகாலமாக எங்கள் வீடு உவர்மலைச் சரிவில் இருந்தது. காலையில் பிரேக்கை விட்டால் கார் தானே உருளும். பாதி இறக்கத்தில் கியரைப் போட்டதும் ஒரு குலுக்குக் குலுக்கி எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அதனால் சமதரையில் எங்கு போனாலும் மாமா எஞ்சினை நிறுத்துவதேயில்லை. பெண் இருந்த வீடுகளோ எல்லாம் சமதரையிலேயே இருந்தன. வாசலில் கார் உறுமிக்கொண்டிருக்க, மாமா கதிரை நுனியில் குந்தி, தேத்தண்ணியைச் சுடச்சுட விழுங்கி, "அப்ப வெளிக்கிடுவம்" என்று எழும்பிவிடுவார். பெண்ணைப் பிடிக்கவில்லையாக்கும் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

சாம்பல்தீவிலிருந்து ஒரு ரீச்சரின் சம்பந்தம் வந்தபோது அம்மா சொன்னார்: "இதுவும் தவறிச்சுதெண்டா, நீ உந்தப் பற்றறிக்கே தாலியைக் கட்டு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். வளவு முழுக்கக் கடல் மணல். குசினிக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் காரை விட்ட மாமா, என்னைத் தன் இருக்கையில் ஏற்றி உட்காரவைத்தார். "எஞ்சின் விக்கினா இந்தக் கால்கட்டையை லேசா அமத்து. திறப்பில மட்டும் கை வைக்காத, திருகினா நிண்டிடும்." பள்ளிக்கூடத்தில் வகுப்பு மொனிற்றராகக்கூட என்னை யாரும் வைத்ததில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

புகை நேரே குசினிக்குள் போனது. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓர் அக்கா வெளியே வந்தார்.

"தம்பி, இது ஏன் இப்பிடிக் கத்திக்கொண்டு நிக்குது?"

"பற்றறி சரியில்லை அக்கா. நிப்பாட்டினாத் திரும்ப ஸ்ராட் வராது."

"தள்ளினா?"

"இறக்கத்திலயெண்டா வரும். இது மணல். ஏலாது."

"புதுசு வாங்கிப் போட்டா?"

"டவுனிலதான் வாங்கலாம். இண்டைக்குக் கடை பூட்டு."

அவர் தலையாட்டினார். "இறக்கத்தில இந்தக் கார் உருண்டு வாறதை நாங்கள் பஸ்ஸில இருந்து நெடுகப் பாக்கிறனாங்கள். உங்கட மாமா எங்களுக்குக் கையும் காட்டிக்கொண்டெல்லோ போறவர். ஆள் கோவக்காரரோ?"

"சீச்சீ. பற்றறிக்கு மட்டுந்தான் ஏசுவார்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்நேரம் உள்ளேயிருந்து மாமாவின் குரல் கேட்டது: "அப்ப வெளிக்கிடுவம்."

அக்கா யன்னலுக்குள் கையை விட்டுத் திறப்பைத் திருகினார்.

எஞ்சின் அடங்கியது. அதுவரை கேட்காத கடல் கேட்டது.

மாமா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஆர் நிப்பாட்டினது?"

குசினி வாசலுக்குள் போய்விட்ட அக்கா சாந்தமாகச் சொன்னார்: "சின்னப்பிள்ளைதானே, கை தட்டுப்பட்டிருக்கும். ஏசாதேங்கோ."

நான் இறங்கி இடம் விட்டேன். மாமா ஸ்ராட்டரை இழுத்தார். 'டிக்' என்றது, அவ்வளவுதான். அயலவர்கள் வந்து தள்ளினார்கள். தள்ளத் தள்ளச் சில்லுகள் மணலுக்குள் இறங்கின.

"விடுங்கோ தம்பி, சாப்பிட்டிட்டு ஆறுதலாக் கதைப்பம்" என்றார் பெண்ணின் தகப்பனார்.

மாமா கதிரையில் சாய்ந்து உட்கார்ந்ததை அன்றுதான் கண்டேன். நண்டுக்கறியோடு சாப்பிட்டார். துரை கப்பலேறிய கதையை, இரும்புக் கம்பியைத் தேடி டொக்யாட் முழுக்க அலைந்த கதையைச் சொன்னார். சிரிக்கவேண்டிய இடங்களிலெல்லாம் குசினிக்குள்ளிருந்தும் சிரிப்புக் கேட்டது. பின்னேரம் பஸ்ஸில் திரும்பும்போது அம்மா நல்ல நாள் பார்ப்பதைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் மாமா புதுப் பற்றறியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். அமிலம் கசிந்து அவருடைய நல்ல காற்சட்டை எங்கும் ஓட்டை. அந்தக் கோலத்தில் பார்த்தும் அந்த வீட்டார் மனம் மாறவில்லை.

நான் இப்போது விஞ்ஞானம் படித்திருக்கிறேன்; எங்கள் வீட்டில் அந்தப் பாடப் புத்தகத்தைத் திறந்த முதல் ஆள் நான்தான். ஈயத் தகட்டையும் அமிலத்தையும் படம் கீறி விளக்குவேன். அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே யோசனைதான்: ரீச்சர் என்கிறார்கள், இவ்வளவு விளக்கமாகச் சொல்லியும் ஒரு சின்ன விசயம் இவருக்கு விளங்கவில்லையே!

கலியாணம் முடிந்து அவர் மாமியாகி எங்களோடு காரில் வந்த நாளில், மனம் பொறுக்காமல் பின்னாலிருந்து இன்னொருதரம் விளக்கினேன். "மாமி, இது புதுப் பற்றறி. இனி நிப்பாட்டினாலும் ஸ்ராட் வரும்."

"ஓம் தம்பி, இனி நிப்பாட்டத் தேவையில்லை" என்றார் மாமி. மாமா ஏனோ சிரித்த சிரிப்பில் கார் தெருவோரத்துக்கே போய்வந்தது.

ஒருவழியாக மாமிக்குப் பற்றறி விளங்கிவிட்டது என்ற நிம்மதியோடு நான் சாய்ந்துகொண்டேன்.