செவ்வந்தியின் ஆள்காட்டி விரல்

ஆஸ்திரேலியாவைப் பற்றிச் செவ்வந்திக்குத் தெரிந்த அளவு ஆஸ்திரேலியாவுக்கே தெரியாது. ஏதாவது ஒரு கங்காருவுக்குத் தன் நாட்டுச் சட்டத்தில் சந்தேகம் வந்தால், அது கீழ்வேளூர் பஸ்ஸைப் பிடித்து வந்து இவரிடம் கேட்டுத் தெளிந்து போவதுதான் முறை. வந்தால் வாசலில் நின்று கூப்பிட வேண்டாம். நேராகக் கொல்லைக்குப் போகலாம். அங்கே பசுவின் விலாவை ஆள்காட்டி விரலால் அமுக்கிக்கொண்டிருப்பார்.

மேலே அமுக்கினால் விடை ‘அ’. நடுவில் என்றால் ‘ஆ’. கீழே ‘இ’. போனில் மாதிரித் தேர்வு எழுதி எழுதிப் பழகிய விரல் அது. போன் சார்ஜில் கிடக்கும் நேரத்தில் எதிரே எது இருக்கிறதோ அதில் அமுக்கும். நெல் மூட்டை, கதவு, ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவரின் முதுகு. முதுகுக்காரர் திரும்பிப் பார்த்தால், “ஒண்ணுமில்ல பெரியப்பா, ஹைகோர்ட்டு” என்பார். பெரியப்பாவும் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் எதையாவது அமுக்குவார்கள் என்பது ஊருக்குப் பழகிவிட்டது.

வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அடிலெய்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. வெள்ளைக்காரக் கிழவர்களைக் குளிப்பாட்டி, தலை சீவிவிட்டு, போர்க் கதைகளைப் புரிந்தும் புரியாமலும் கேட்பது அதில் முக்கியப் பகுதி. கணவர் போன பிறகு மகள் வானதியும் இவரும்தான். அங்கே பள்ளிக்கூடம் லீவு விடும் மார்கழியில் வந்து, பொங்கல் முடிந்து திரும்புவார்கள். தங்குவது அண்ணன் சாமிதுரை வீட்டில். அப்பா கூலிக்கு அறுத்த அதே வயலை அண்ணன் இன்று சொந்தமாக அறுக்கிறார். தங்கை வந்திருக்கும் நாளில் மட்டும் அறுப்பு மெஷின்காரரிடம் குரலை உயர்த்திப் பேசுவார்.

செவ்வந்திக்கு அந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க அனுமதி உண்டு. குடிமகள் என்ற பெயர் இல்லை. வானதி அங்கேயே பிறந்ததால் பிறவிக் குடிமகள். போன முறை திரும்பிப் போய் அடிலெய்டு ஏர்போர்ட்டில் இறங்கியபோது ஓர் அதிகாரி வானதியின் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, நீ அந்தப் பக்கத்து வரிசையிலேயே போகலாமே என்றிருக்கிறார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான்.

“புள்ள என் கைய உட்டுட்டு ரெண்டு எட்டு வச்சா. திரும்பி வந்துட்டா, இல்லன்னு சொல்லல. ஆனா வச்சாளே அந்த ரெண்டு எட்டு” என்பார் செவ்வந்தி. இதைச் சொல்லும்போது மட்டும் விரல் எதையும் அமுக்காது.

ஒரே வரிசையில் நிற்க வேண்டுமென்றால் பரீட்சையில் தேற வேண்டும். அந்த நாட்டு ஆட்சிமுறை, சட்டம், வழக்கம் என்று கேட்பார்கள். செவ்வந்திக்கு எதையும் வாய்க்காலில் இறக்கிவிட்டுத்தான் புரிந்துகொள்ள வரும். ஓட்டுப் போடாவிட்டால் அங்கே அபராதம். “அது நம்ம குடிமராமத்துதான். வாய்க்கா வெட்ட வூட்டுக்கு ஒரு ஆள் வரணும், வராதவன் தெண்டம் கட்டணும். இதுக்குப் போயி ஒரு பாடமா?” நீதிமன்றத்தில் சாதாரண ஜனங்களை உட்காரவைத்துத் தீர்ப்புக் கேட்பார்கள் என்பது அவருக்குப் புதிதல்ல. ஒன்றில்தான் ஆச்சரியம். “குத்தம் பண்ணுனவனுக்கு வேண்டியவங்க யாரும் ஒக்காரக் கூடாதாம். நம்மூருல வேண்டியவங்க மட்டுந்தான் ஒக்காருவாங்க.”

வழுக்கிய இடம் நாடாளுமன்றம். மேலவை, கீழவை இரண்டில் எதில் பெரும்பான்மை இருந்தால் ஆட்சி என்று கேட்டால் கீழவை என்று சொல்ல வேண்டும். கடைமடையில் பிறந்த பெண்ணுக்கு அது எப்படி வாயில் வரும்? மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக எட்டிப் பார்க்கும் ஊர் இது. “மேல இருக்கவன் தொறந்து உட்டாத்தானடி கீழ வரும்? கீழ இருக்கவன் கையில ஆட்சியக் குடுத்தானுவளா?” பொங்கலுக்கு முந்தைய வாரம்தான் நம்பினார். நம்பியபின் அந்த நாட்டின் மேல் மரியாதை கூடிவிட்டது.

ஆனால் போன வருஷம் அவர் தோற்றது இதில் இல்லை. இருபது கேள்வியில் பத்தொன்பது சரி. அந்த நாட்டின் நெறிகளைப் பற்றிய ஐந்து கேள்விகளில் மட்டும் ஒன்றுகூடத் தவறக் கூடாது என்பது விதி. தவறியது அதில்தான். ஒருவர் முன்னுக்கு வருவது எதனால் இருக்க வேண்டும் என்ற கேள்வி. உழைப்பாலும் திறமையாலும் என்று அமுக்கியிருக்க வேண்டும். செவ்வந்தி, தெரிந்தவர்கள் தயவால் என்று அமுக்கிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

தெரியாமல் செய்ததல்ல. வேளாங்கண்ணியில் சகாயம் சிஸ்டர் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டு, போனும் பண்ணியதால்தான் அந்தக் காலத்தில் இவருக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்தது. “அவங்க இருக்கும்போது என் ஒழைப்புன்னு எப்புடி அமுக்குறது? ஒழைச்சா போதும்னா எங்கம்மா கலெக்டரால்ல ஆயிருக்கணும்.” சாமிதுரை தலையில் அடித்துக்கொண்டார். “நன்றிய கம்ப்யூட்டர்கிட்டயா காட்டுவ?” என்று கேட்டார். இந்த முறையும் அந்தக் கேள்வி வந்தால் விரல் காற்றில் நின்றது.

கேள்வி கேட்கும் வேலை சாமிதுரையின் மகள் செம்மொழியுடையது. இதை எழுதுகிறவளும் அவள்தான் என்பதால் அவளைப் பற்றி அதிகம் வேண்டாம். பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவள். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்துத் தமிழில் கேட்பாள். படிக்க வராத இடத்தில் சொந்தச் சரக்கைச் சேர்த்துக்கொள்வாள்.

ஆஸ்திரேலியாவின் முதல் பிரதமர் வளர்த்த எருமையின் நிறம் என்ன? கறுப்பு, சாம்பல், அரசாங்கம் இன்னும் அறிவிக்கவில்லை. கங்காரு தன் பையில் அதிகபட்சம் எவ்வளவு எடை கொண்டுபோகலாம்? செவ்வந்தி கொஞ்சம் யோசித்து, “பிளைட்டு மாதிரி ஏழு கிலோவா இருக்கும்” என்று திண்டுத் தலையணையின் நடுவில் அமுக்கினார். சரிதான் என்றாள் செம்மொழி. பக்கத்தில் வானதி போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். இன்னொன்றும் உண்டு. குடியுரிமை பெற்றவர்கள் ஆண்டுதோறும் எந்த மாதத்தில் பிறந்த ஊருக்குப் போய்வர வேண்டும்? அ, தை. ஆ, ஆவணி. இ, போக வேண்டியதில்லை. அதை ஏன் சேர்த்தாய் என்றால், எண்ணிக்கையைச் சரிக்கட்ட என்பாள்.

வேடிக்கை ஒரு வாரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு காலையில் வரப்போரம் அத்தைக்கு டீ கொண்டுபோனாள். செவ்வந்தி கதிரைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தபடி நின்றார். “கீழவையில பெரும்பான்மை. ஓட்டுப் போடலன்னா அபராதம். எரும சாம்பலு.” எருமையும் கங்காருவும் போய் நிஜக் கேள்விகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு பரீட்சை அன்று குழப்பினால் என்ன ஆகும்? வானதி இன்னும் ரெண்டு எட்டு வைப்பாள். செம்மொழிக்கு அன்று முழுக்கச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் யாரும் அதை நம்பாமல் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் செவ்வந்தி தனியாக வேளாங்கண்ணி போய்வந்தார். மாதாவைப் பார்த்தார். சிஸ்டரையும் பார்த்தார். சிஸ்டருக்கு இப்போது காது மந்தம். ஆனாலும் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். “நான் கையெழுத்துதான் போட்டேன். ராத்திரி டியூட்டி பாத்தது நானா? பேசாம ஒழைப்புன்னு அமுக்கு. மாதா கோவிச்சுக்க மாட்டா” என்றாராம். அன்று மாலை செம்மொழி அந்தக் கேள்வியைக் கேட்டாள். விரல் நெல் மூட்டையின் உச்சிக்கு ஒரே போக்காகப் போய் அமுக்கியது. பக்கத்தில் நின்ற சாமிதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார் வந்தது. பெட்டிகளோடு அரிசி, முறுக்கு, கொண்டுபோகக் கூடாதென்று வெளியே எடுத்துவைத்த கருவாடு, அதை யாருக்கும் தெரியாமல் திரும்ப வைக்கப்போய் மறுபடி வெளியே வந்த கருவாடு என்று வாசல் கலகலத்தது. வானதி ஏறி ஜன்னலோரம் பிடித்துக்கொண்டாள். செவ்வந்தி ஏறப்போகும் நேரத்தில் செம்மொழி கிட்டே போனாள்.

“அத்தை, அந்த எருமக் கேள்வி இருக்குல்ல, அது இந்த வருஷம் சிலபஸ்ல இல்லையாம். எடுத்துட்டாங்களாம்.”

“அப்புடியா?”

“கங்காரு பை கேள்வியும்.”

செவ்வந்தி காரில் உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். “ஏண்டி, ஒரு நாட்டோட பிரதமரு எருமைய ஓட்டிக்கிட்டுத் திரிஞ்சாருன்னா நான் நம்பிடுவேனா? நான் அங்கதான இருக்கேன். நீ மொத தடவ கேட்டப்பவே தெரியும்.”

“அப்பறம் ஏன் பதில் சொன்னீங்க? வயல்லகூட சொல்லிக்கிட்டு நின்னீங்களே.”

“நீ டீயோட வர்றதப் பாத்துட்டுத்தான் சொன்னேன்.”

வானதி உள்ளே போர்வை இல்லாமலே குலுங்கினாள். செம்மொழி குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

“எரும போச்சு, கங்காரு போச்சு. எந்த மாசம் ஊருக்கு வரணும்னு இன்னொண்ணு கேட்டியே, அத எடுத்துட்டாங்களான்னு சொல்லலையே” என்றார் செவ்வந்தி.

டிரைவர் ஏசியைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றினார். கார் நகரத் தொடங்கியபோதுதான் செம்மொழி டயரிலிருந்து தலை தூக்கினாள். கண்ணாடிக்கு உள்பக்கம் அத்தையின் ஆள்காட்டி விரல். நடுவிலும் இல்லை, கீழேயும் இல்லை. உச்சியில், நகம் வெளுக்க, அமுக்கியபடியே போயிற்று.