சௌத் ஆப்பிரிக்காவுக்காக ஒரு வாய்ப்பூட்டு

“காரணம்னு ஒரு கட்டம் போட்டிருக்கீங்கள்ல தம்பி, அதுல சௌத் ஆப்பிரிக்கான்னு எழுதுங்க.”

ஜீவராணி என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். 2019 பங்குனியில், ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட டிவிஷன் ஒன்றில் இருக்கும் அத்தை வீட்டுக்குத் திருவிழா பார்க்கப் போயிருந்தேன். கொஸ்லந்தையில் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் யாராவது என் கையில் ஒரு பேனாவைக் கொடுத்துவிடுவார்கள். அன்றும் மாரியம்மன் கோயில் வாசலில் மேசை போட்டு உட்காரவைத்து, நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்களின் பட்டியலை எழுதச் சொல்லியிருந்தார்கள். பெயர், லயம், நேர்த்தி, காரணம் என்று நானே நான்கு கட்டம் கோடு போட்டிருந்தேன். பிள்ளை வரம், ஒபரேஷன், கட்டார் விசா என்று காரணங்கள் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தன.

“அங்க யாருக்கா வேலைக்குப் போறாங்க?” என்று கேட்டேன்.

“பதினஞ்சு பேரு போனாங்க. ஜெயிச்சுட்டு வந்துட்டாங்க. படிச்ச புள்ள, பேப்பரு பாக்குறதில்லையா?”

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நான் ‘நேர்த்தி’ என்ற கட்டத்துக்கு நகர்ந்தேன். பால்குடம், வாய்ப்பூட்டு என்றார். உதட்டோடு உதடு சேர்த்து வெள்ளி வேல் குத்திக்கொள்வதுதான் வாய்ப்பூட்டு. காலையில் குத்தினால் பூசை முடிந்து பூசாரி கழற்றும்வரை பேச முடியாது. அதைக் கேட்டதும் வரிசையின் சிரிப்பு இன்னும் கூடிவிட்டது. ஏன் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஜீவராணி வாய் மூடி இருந்ததை அந்த டிவிஷனில் யாரும் கண்டதில்லை. இன்று ஐம்பதைத் தொட்டுவிட்டார். இன்றும் அதே மலையில், நிரையின் மேல் ஓரத்தில்தான் கொழுந்து பறிக்கிறார். மேல் ஓரத்தில் சரிவு அதிகம், காற்றும் அதிகம். மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளும் இடம். காலைப் பெரட்டில் ஆள் பிரிக்கும்போது இவர் கேட்டு வாங்கிக்கொள்வார். போனில் சிக்னல் இரண்டு கோடு விழுவது அங்கே மட்டும்தான்.

போன் ஒரு பிளாஸ்டிக் பைக்குள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கின் மடிப்பில் இருக்கும். கை இரண்டும் செடியில் ஓடிக்கொண்டேயிருக்கும். காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிடுகிற அதே வீச்சில் போன் திரையையும் ஒரு தட்டுத் தட்டுவார். பிறகு குரல் மலையில் இறங்கும். “நூத்திப் பத்துக்கு அஞ்சு. போய்ட்டான்டி அவசரக்காரன், முத்துன எலையில கை வச்சுட்டான்.” ஆட்டக்காரர்கள் எவருக்கும் அவர் பெயர் சொல்வதில்லை. அவசரக்காரன், சின்னவன், மூக்கன், அழுமூஞ்சி. அந்த நிரையில் கிரிக்கட் தெரியாத கிழவிகள்கூட, “அழுமூஞ்சி நிக்கிறானா?” என்று கேட்டுவிட்டுத்தான் தேத்தண்ணிப் போத்தலைத் திறப்பார்கள்.

இருபது ஓவர் ஆட்டத்தை அவர் மதிப்பதில்லை. “அது கைக்காசு வேல தம்பி. வந்தமா, நாலு வீசுனமா, போனமான்னு இருக்கும். டெஸ்ட்டுங்கிறது பேரு பதிஞ்ச வேல. மழ, வெயிலு, பனி எல்லாத்துலயும் நிக்கணும். அஞ்சு நாளும் நின்னுட்டு, ஜெயிக்காமலும் வரணும்.”

இந்தப் பேச்சுக்கெல்லாம் எதிர்ப்பேச்சு அழகையா கங்காணி. அந்த மலையின் மேற்பார்வையும் அவர்தான், கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். வீட்டுச் சுவரில் இந்திய அணியின் படம் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். மலைநாட்டில் இது பழைய வழக்கு. ஒரே லயத்தில் ஒரு காம்பரா வீடு இந்தியாவுக்கும் அடுத்த காம்பரா இலங்கைக்கும் கைதட்டும்.

“நம்ம ரத்தம் எங்கேருந்து வந்துச்சுன்னு மறந்துட்டியா?” என்பார் கங்காணி.

“ரத்தம் அங்கேருந்து வந்துச்சு கங்காணிண்ணே. ஐடென்டி காட்டு இங்கதான குடுத்தாங்க. அதுவும் எங்கய்யா பதுளைக் கச்சேரி ஆபீசுக்கு செருப்புத் தேய நடந்து வாங்குனது. சும்மாவா விடுவேன்?”

2019 மாசியில் இலங்கை அணி தென்னாபிரிக்காவுக்குப் போனபோது கங்காணிக்குக் கொண்டாட்டம். அதுவரை எந்த ஆசிய அணியும் அங்கே டெஸ்ட் தொடரை வென்றதில்லை. “எங்காளுகளாலயே முடியல. ஒங்காளுக பைய வச்சுட்டுத் திரும்பி வந்துருவாங்க” என்று தினமும் பெரட்டில் வைத்தே சொன்னார். டர்பன் ஆட்டத்தின் நான்காம் நாள், சனிக்கிழமை. கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு லயத்துக்கு இறங்குகிற வேளையில் ஒன்பதாவது விக்கட் விழுந்தது. இன்னும் எழுபத்தெட்டு ஓட்டம். கங்காணி குடையைச் சுழற்றிக்கொண்டு சீழ்க்கையடித்தபடி ஜீவராணியைத் தாண்டிப் போனார்.

அந்தச் சீழ்க்கைதான் ஜீவராணியை உசுப்பிவிட்டது. கோயில் வளைவில், இடுப்பில் கட்டிய சாக்கோடேயே நின்று கும்பிட்டிருக்கிறார். “ஆத்தா, அந்தக் கடைசிப் பையன் மட்டும் நின்னுட்டான்னா பால்குடம் எடுத்து வாய்ப்பூட்டுப் போட்டுக்கிறேன்.”

பையன் நின்றான். மறுமுனையில் இருந்தவர் எல்லாப் பக்கமும் அடித்து நொறுக்க, இவன் இருபத்தேழு பந்துக்குத் தாக்குப்பிடித்து ஆறு ஓட்டம் எடுத்தான். ஒரு விக்கட்டால் வெற்றி. ஊர் முழுக்க அடித்தவரைக் கொண்டாடியது. ஜீவராணிக்கு இன்றுவரை அந்த ஆறு ஓட்டக்காரன்தான் ஆள். “தகரம் மாத்த கூரைமேல ஏறுனவனத்தான் எல்லாரும் பாப்பாங்க. கீழ ஏணியப் புடிச்சிட்டு நின்னவன் கைய எடுத்திருந்தா என்னாகிருக்கும்?”

அடுத்த சனிக்கிழமை இரண்டாவது டெஸ்ட்டும் மூன்றே நாளில் முடிந்து, தொடரும் கைக்கு வந்தது. “நான் கேட்டது ஒரு மெட்ச். ஆத்தா ரெண்டாக் குடுத்துட்டா. இனி நா குடுக்காம இருந்தா வெளங்குமா?”

இப்படியாகத்தான் அந்தக் காரணம் என் கட்டத்துக்குள் வந்தது. அன்று மாலை பட்டியலை வாசித்துப் பார்த்த அழகையா கங்காணியின் விரல் அந்த வரியில் நின்றுவிட்டது.

“தம்பி, இத வெட்டுங்க.”

கமிட்டி கூடிவிட்டது. ஜீவராணியைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவர் முகத்தில் காலையில் கண்ட குறும்பு இல்லை. வாக்குக் கொடுத்துச் செலுத்தாமல் போனால் வீட்டுக்கு ஆகாது என்று மெய்யாகவே நம்புகிறவர். அத்தோடு, பதினாறு நாள் விரதமிருந்து முகமும் ஒட்டிப்போயிருந்தது.

“நோய்க்கு நேரலாம், நொடிக்கு நேரலாம். பந்தடிக்கிறதுக்கு ஆத்தாளுக்கு அலகா?” என்றார் கங்காணி. “நாளைக்கி ஒவ்வொரு பயலும் மெட்ச்சுக்கு மெட்ச் அலகத் தூக்கிட்டு வருவான்.”

“வரட்டுமே. ஆத்தாளுக்குப் பிடிக்கலன்னா அந்தப் பையன அப்பவே அவுட்டாக்கிருப்பா. நிக்க வச்சாள்ல?”

“அது அவன் வெளையாட்டுடி.”

“அப்போ ஒங்க மகளுக்குச் சொகமாகணும்னு நேந்தீங்களே, அது டாக்குத்தர் வெளையாட்டா?”

பூசாரி தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். கங்காணி அசையவில்லை. ஜீவராணி என் பக்கம் திரும்பினார், குரல் தணிந்திருந்தது.

“தம்பி, வெட்ட வேணாம். பக்கத்துல எழுதுங்க. ஆத்தா குடுத்தா, இவ கடனக் கட்ட வந்தா, கமிட்டி கட்ட விடலன்னு எழுதுங்க. தலைவரு கையெழுத்த மட்டும் வாங்கிக் குடுங்க. நாளபின்ன ஆத்தா எங்கிட்டக் கேட்டா காட்டணும்ல.”

நான் பேனாவைக் கங்காணியிடம் நீட்டினேன். வேண்டுமென்றுதான் நீட்டினேன் என்று அத்தை இன்றும் சொல்வார். கங்காணி பேனாவைப் பார்த்தார், பக்கத்தில் கோயில் நடையைப் பார்த்தார். வாங்கவில்லை.

“பால்குடம் எடுத்துக்க” என்றார் கடைசியில். “ஆனா காலைல ஆறு மணிக்கே குத்திரணும். ஒரு நாளாச்சும் இந்த டிவிஷன் நிம்மதியா இருக்கட்டும்.”

திருவிழா அன்று விடியும்போதே ஆற்றங்கரையில் அலகு ஏறிவிட்டது. மஞ்சள் சேலை, தலையில் பால்குடம், உதட்டுக்குக் குறுக்கே சின்ன வெள்ளி வேல். தப்பும் உருமியும் முன்னால் போக, லயம் லயமாக ஊர்வலம் ஏறியது. அத்தனை வருடம் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் அன்று வாசலில் காத்திருந்தார்கள். “அக்கா, ஸ்கோரு என்னக்கா?” என்றாள் ஒருத்தி. “ஜீவராணி மதினி, டெஸ்ட்டு எத்தன நாளு?” என்றாள் இன்னொருத்தி. ஜீவராணியின் கண் மட்டும் ஒவ்வொருத்தியையும் குறித்துவைத்துக்கொண்டு நகர்ந்தது. வேலுக்குப் பின்னால் அவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் குடத்துப் பால் இரண்டு முறை தளும்பியது.

பால்குடம் வரும்போது வீட்டுக்கு வீடு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவிவிடுவது வழக்கம். அழகையா கங்காணியின் வாசல் வந்தது. அவருடைய மனைவி சொம்போடு முன்வந்தார். கங்காணி அதை வாங்கிக்கொண்டார். வேட்டியை மடித்துக் குனிந்து, ஜீவராணியின் காலில் தண்ணீரை மெல்ல, சொட்டுச் சொட்டாக ஊற்றினார். பேசுவதற்கு நேரம் வேண்டுமே.

“ஒத்த விக்கட்டுல ஜெயிச்சதெல்லாம் ஒரு ஜெயிப்பாடி? எங்க, சொல்லு. எங்காளுக ஆடிருந்தா ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சிருப்பாங்க. என்ன, பேச்சக் காணோம்?”

தப்புக்காரர் அடிப்பதை நிறுத்தியிருந்தார். எல்லோரும் அந்த இரண்டு பேரையே பார்த்துக்கொண்டிருந்தோம். சொம்பில் தண்ணீர் தீர்ந்தது. கங்காணி நிமிர்ந்து, வெற்றியோடு மீசையைத் தடவினார்.

ஜீவராணி தலையிலிருந்த குடத்தை இடக்கையால் மட்டும் பிடித்துக்கொண்டார். வலக்கையை எடுத்து, அவுட் கொடுக்கும் நடுவர் தூக்குவதுபோலவே, ஆள்காட்டி விரலை நேராக வானத்துக்கு உயர்த்தினார்.

லயமே சிரிப்பில் அதிர்ந்தது. கங்காணி என்ன நினைத்தாரோ, சொம்பை மட்டையைப் போலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையை ஆட்டியபடி வாசற்படி ஏறினார். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை ஜீவராணி விரலை இறக்கவில்லை.