பூட்டக்காவின் மஞ்சள் ஏப்ரன்

அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர் வைத்தவன் நான்தான். முதியோர் இல்லத்துச் சமையல்காரன் என்ற முறையில், யாருக்கு என்ன பெயர் வைப்பது என்பதும் என் அதிகாரத்தில் வருவதாக நானே முடிவு செய்துகொண்டிருந்தேன். அக்கா வீட்டைப் பூட்டுவாள், பூட்டை இழுத்துப் பார்ப்பாள், பஸ் நிறுத்தம் வரைக்கும் வருவாள், பிறகு திரும்பிப் போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். ஒரே தெருவில் குடியிருந்த பாவத்துக்கு, அவளுக்காகக் காத்திருந்து நானும் எத்தனையோ பஸ்ஸைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

புருஷன் இறந்த பிறகு, கையில் ஒரு மகளோடு இந்த வேலைக்கு வந்தவள். பெரியவர்களைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. முழங்கையை நனைத்துச் சூடு பார்க்காமல் ஒருவர் தலையிலும் அவள் தண்ணீர் ஊற்றியதில்லை. மருந்தை மட்டும் தொடக் கூடாது. அது நர்ஸம்மா வேலை. நர்ஸம்மாவோ ஒருத்தி, மாடியோ இரண்டு. சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய சர்க்கரை மாத்திரை, நான் தட்டெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு வந்து சேரும். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும் எனக்கு.

ஒருவழியாகச் சட்டத்தை மாற்றினார்கள். பயிற்சி எடுத்துப் பரீட்சையில் தேறிய உதவியாளர்களும் மாத்திரை கொடுக்கலாம் என்றார்கள். எங்கள் இல்லத்தில் தேறியது அக்கா மட்டும்தான். "இது ஒரு வெள்ளோட்டம். ஏதாவது தப்பு நடந்தா அன்னைக்கே நிறுத்திடுவேன்," என்று மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். அவளுக்கு மஞ்சள் ஏப்ரன் ஒன்று கொடுத்தார்கள். அதைக் கட்டியிருக்கும்போது அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது, அவளும் வேறு எந்த வேலையிலும் கை வைக்கக் கூடாது. கவனம் சிதறக் கூடாதாம்.

"இப்படி ஒரு ஏப்ரன் எனக்கும் வேணும்க்கா. எங்க வீட்ல கட்டிக்கிட்டு உக்காந்துடுவேன்," என்றேன்.

"போடா, நீ வேற. எனக்குப் பயமா இருக்கு," என்றாள்.

பொய்யில்லை. மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். மாத்திரை உறையில் ஒட்டிய அவரவர் படத்தைப் பார்ப்பாள், ஆளைப் பார்ப்பாள், மறுபடி படத்தைப் பார்ப்பாள். பரிமாறும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கே படபடப்பு தொற்றிக்கொள்ளும்.

ஜன்னலுக்கு நேர் எதிர் மேஜை தையல்காரருடையது. கடையை மூடிவிட்டு மனைவியோடு வந்து சேர்ந்தவர். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்பது இல்லத்து விதி. கெஞ்சிக் கூத்தாடி இருவரும் ஒரே அறை வாங்கியிருந்தார்கள். அவர்கள் சாப்பிடுவது ஒரு வேடிக்கை. ஆளுக்கு ஒரு முட்டை வைப்பேன். ஒன்றை எடுத்துப் பாதியாக்கித் தின்பார்கள். அப்புறம் இன்னொன்றை எடுத்துப் பாதியாக்குவார்கள். வாழைப்பழமும் அப்படித்தான், ரொட்டியும் அப்படித்தான். "ஆளுக்கொண்ணு தின்னா வேலை மிச்சமில்லையா ஐயா?" என்று கேட்டால், "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று திருப்பிக் கேட்பார். ஆகிவிட்டது என்றால், "அப்படித் தெரியலையே," என்பார்.

ஒரு நாள் காலையில், அக்கா அவர்கள் மேஜையைத் தாண்டிப் போய் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். தையல்காரர் கையிலிருந்த தம்ளர் விழுந்தது. அவர் தலை மெதுவாக மேஜையில் சாய்ந்தது.

அக்காதான் முதலில் ஓடினாள். மணிக்கட்டைப் பிடித்தவள் முகம் வெளுத்துப்போயிற்று. நர்ஸம்மா மாடியிலிருந்து ஓடி வந்து நாடி பார்த்தாள். மிகவும் மெதுவாக இருந்தது. அவரைத் தரையில் படுக்க வைத்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னாள்.

"என்ன குடுத்தீங்க இவருக்கு?"

"அவரோட மாத்திரையத்தான்..." அக்கா வண்டியைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். "அம்மாவோடத இவருக்கு மாத்திக் குடுத்துட்டேனோ என்னமோ. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல. நான்தான் மாத்திக் குடுத்திருப்பேன்."

"இருப்பேன்னா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டு பேரோட மாத்திரையும் நாடியக் குறைக்கிறது. ரெண்டும் சேர்ந்து உள்ள போச்சா, எவ்வளவு போச்சுன்னு டாக்டருக்கு நான் சொல்லியாகணும்."

பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவளுக்கு, பூட்டினோமா இல்லையா என்று கடைசிவரை நிச்சயமாகத் தெரியாது. அதுதான் அவளுடைய நோயே. கொடுத்த மாத்திரை எது என்று இப்போது அவளால் சத்தியம் செய்ய முடியவில்லை.

மேலாளரும் வந்துவிட்டார். "நான் அப்பவே சொன்னேன். ஏப்ரனக் கழட்டுங்க," என்றார். அக்கா முடிச்சைத் தேடினாள்.

அப்போதுதான் தையல்காரர் மனைவி பேசினாள். அதுவரை கணவர் காலருகே கல்லாட்டம் உட்கார்ந்திருந்தவள். "அவ சரியாத்தான் குடுத்தா. என்னோடதுல பாதிய நான்தான் இவருக்குக் குடுத்தேன்."

யாருக்கும் விளங்கவில்லை. அவள் கணவரின் சட்டைப்பைக்குள் கையை விட்டு, நூல் வெட்டும் சின்னக் கத்திரியை எடுத்துக் காட்டினாள். அதன் நுனியில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது.

"நெஞ்சு படபடங்குதுன்னு நாலஞ்சு நாளா சொல்லிக்கிட்டே இருந்தாரு. இவரு மாத்திரை பொடிசு. என்னோடது எவ்வளவு பெருசு! அதான் நாக்குக்கு அடியில வெச்சிருந்து, இவ அந்தப் பக்கம் போனதும் எடுத்து வெட்டிக்கிட்டோம். அவரு மாத்திரையோட இதுவும் சேர்ந்தா நல்லதுன்னு நினைச்சேன். சொன்னா எங்களப் பிரிச்சுடுவீங்கன்னு பேசாம இருந்தேன்."

நர்ஸம்மா உடனே போனில் டாக்டரிடம் அதைச் சொன்னாள். எந்த மாத்திரை, எவ்வளவு என்று தெரிந்தது. ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று.

மேலாளர் அக்காவைப் பார்த்து, "சரி, உங்க மேல தப்பில்ல," என்றார். நானாக இருந்தால் அப்பாடா என்று உட்கார்ந்திருப்பேன். அவள் விடவில்லை.

"இருக்கு சார். முழுங்கினதும் வாயத் திறக்கச் சொல்லி, நாக்கத் தூக்கிப் பாக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. எல்லாரையும் பாப்பேன். அம்மாவ மட்டும் பாக்கல. பல் செட்டுப் போடாத வாயக் காட்ட வெக்கமா இருக்குன்னாங்க. தினமும் நான் குளிப்பாட்டுற அம்மா, அவங்களப் போயி எப்படிச் சந்தேகப்படுறதுன்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு ஏப்ரனைக் கழற்றி மடித்து மேலாளரின் கையில் கொடுத்தாள். எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் இல்லையா? அன்று மாலை பஸ்ஸில் அதையே அவளிடம் கேட்டேன். "அவரு பொழைப்பாராடா?" என்றாள். வீடு போய்ச் சேரும் வரை அதை மட்டுமே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பிழைத்தார். அந்த வாரமே இளைத்துப்போய்த் திரும்பி வந்தார். கத்திரி நர்ஸம்மாவின் அலமாரிக்குப் போயிற்று. அறையை மட்டும் பிரிக்கவில்லை. நர்ஸம்மா அக்காவைக் கொஞ்ச நாள் தன் கூடவே நிற்கவைத்து, மேலாளரோடு மல்லுக்கட்டி, ஏப்ரனைத் திரும்ப வாங்கிக் கொடுத்தாள். மருந்து தாமதமாக வந்த பழைய காலைகளை மேலாளரும் மறக்கவில்லை போலும்.

அக்கா மறுபடி தனியாக வண்டி தள்ளிய முதல் காலை, எனக்கு அடுப்பில் கவனமே இல்லை. நேரே அந்த மேஜைக்குப் போனாள். மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தாள்.

"வாயத் திறங்கம்மா."

கிழவி உதட்டை இறுக்கிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. "அவ்வளவு நடந்தப்புறமும் நான் மறைப்பேனா? என்னைய நீ நம்பலையா?"

"நம்பினதாலதாம்மா ஐயா விழுந்தாரு."

கிழவி வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினாள். அக்கா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தவள், மறுபடியும் குனிந்து பார்த்தாள். கேட்காமலேயே பக்கத்தில் தையல்காரரும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார்.

மற்ற மேஜைகளையும் முடித்து வண்டியைப் பூட்டினாள், பூட்டை இழுத்துப் பார்த்தாள். நான் முட்டைத் தட்டை நீட்டினேன். தையல்காரர் ஒரு முட்டையை எடுத்து உடைக்கப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த கைக்கு வலு போதவில்லை, முட்டை வழுக்கிக்கொண்டே இருந்தது. கிழவி ஏனோ கையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை. இனி எதையும் பாதியாக்கிக் கொடுக்க அவளுக்குப் பயம் போலிருக்கிறது.

அக்கா மஞ்சள் ஏப்ரனைக் கழற்றி வண்டியின் மேல் போட்டாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். முட்டையை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை அவர் தட்டிலும் மறு பாதியைக் கிழவியின் கையிலும் வைத்தாள்.

"இத மட்டும் பங்கு போட்டுக்கோங்கம்மா," என்றாள்.