கூப்பிட்டால் வராத நாய்

விருத்தாசலத்தில் ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு சின்ன பீங்கான் யூனிட்டில் எனக்கு வேலை. பதினாறு வருஷம் களிமண் தூசியைச் சுவாசித்ததில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். முதலில் ஆற்றங்கரையோடு நடந்தேன். பிறகு மாதம் ஒரு ஞாயிறு, கள்ளக்குறிச்சி வழியாகப் பஸ் மாறி கல்வராயன் மலைக்குப் போகப் பழகினேன். மேலே போனால் நெஞ்சு லேசாகிவிடும்.

ஒருமுறை ஓடைப் பாறையில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. மூன்று மணி நேரம் அந்தப் பக்கம் ஒருவரும் வரவில்லை. நொண்டிக்கொண்டு வீடு சேர்ந்ததும் மனைவி சொன்னாள்: "இனிமே தனியா போவாதீங்க. தொணைக்கு யாரையாவது கூட்டிக்கிட்டுப் போங்க."

கேட்டுப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு மலை ஏற யாரும் தயாராக இல்லை.

புதுச்சேரிக்குச் சரக்கு இறக்கப் போனபோது, அடிபட்ட தெருநாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு காப்பகத்தைக் கண்டேன். அங்கிருந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மூலையில் ஒதுங்கிப் படுத்திருந்த செவலை நாயைக் காட்டினார். ஒரு காது பாதி கிழிந்திருந்தது.

"ரெண்டு வருஷமா இங்கதாங்க இருக்குது. நல்லா நடக்கும். ஆனா கொலைக்காது, கூப்பிட்டா வராது. பரவால்லயா?"

யூனிட் வேனிலேயே அதை ஏற்றி வந்தேன்.

"கொல்லையிலயே கெடக்கட்டும். வூட்டுக்குள்ள மட்டும் வுடாதீங்க" என்றாள் மனைவி. ஆனால் இரண்டு மாதம் சோறு வைத்ததெல்லாம் அவள்தான். அவள் நகர்ந்த பிறகுதான் அது தட்டுக்கு வரும். அதனால் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போகப் பழகியிருந்தாள்.

நாயோடு போன முதல் மலைப் பயணத்தில் பஸ் கண்டக்டர் கொஞ்சம் யோசித்தார். "ஆட்டுக்குப் போடற மாதிரி லக்கேஜு டிக்கெட்டு போட்டுக்கறேன், கடைசி சீட்டுக்கு அடியில கட்டுங்க" என்றார். வழியெல்லாம் அது என் செருப்பின் மேல் தலை வைத்துப் படுத்திருந்தது.

மலையில் நீளக் கயிற்றின் முனை என் கையில் இருக்க, அது எனக்கு முன்னால் பத்தடி தூரத்தில் நடந்தது. நான் மூச்சு வாங்க நின்றால் அதுவும் நின்றது. மரவள்ளிக் காட்டை ஒட்டிப் போகும்போது, பன்றி விரட்டுவதற்காக யாரோ வெடி போட்டார்கள். கயிறு என் கையைக் கிழித்துக்கொண்டு போனது. கண்மூடித் திறப்பதற்குள் நாய் புதருக்குள் மறைந்துவிட்டது.

கத்திக்கொண்டே ஓடினேன். கத்தக் கத்த இருமல் முட்டியது. இரண்டு மணி நேரம் தேடியும் காணவில்லை. செல்போனில் டவர் இல்லை. அடிவாரத்துப் பெட்டிக்கடைக்கு இறங்கி, காசு போட்டுப் பேசும் போனில் வீட்டுக்குப் பேசினேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

நாய் மிரண்டு ஓடிவிட்டதைச் சொன்னேன். அவள் கேட்டாள்: "சோத்துப் பொட்டலம் இருக்குதா?"

"இருக்குது. பிரிக்கவே இல்ல."

"அது ஓடுன எடத்துக்கே போங்க. பொட்டலத்தப் பிரிச்சி வெச்சிட்டு, பாக்காத மாதிரி திரும்பி ஒக்காருங்க. கூப்பிடாதீங்க. அது இல்லாம மட்டும் வந்துடாதீங்க."

மறுபடி ஏறினேன். மரவள்ளிக் காட்டோரம் புளிச்சோற்றைப் பிரித்து வைத்துவிட்டு, பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார்ந்தேன். வெயில் சாய ஆரம்பித்தது. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டு வருஷம் பத்திரமாக இருந்ததைக் கொண்டுவந்து காட்டில் தொலைத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பின்னால் சரளைக்கல்லில் கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. சோற்றை நக்கும் சத்தம் கேட்டது. அப்போதும் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் முதுகின் மேல் ஏதோ கனமாகச் சாய்ந்தது. அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது என் முதுகில் தெரிந்தது. என் நெஞ்சும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டும் அடங்கும்வரை அப்படியே இருந்தோம். வெகுநாளைக்குப் பிறகு ஒரு முழு மூச்சு தடையில்லாமல் உள்ளே போய் வெளியே வந்தது.

கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். ஏறுவதற்கு முன் பெட்டிக்கடையிலிருந்து பேசினேன்.

"கெடச்சிடுச்சா?"

"கெடச்சிடுச்சி."

"காலுல முள்ளு கிள்ளு இருக்குதான்னு பாருங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வருஷம் அதே காப்பகத்திலிருந்து இன்னொரு நாயைக் கூட்டி வந்தோம். ஒற்றைக் கண் கறுப்பு நாய், மனைவி தேர்ந்தெடுத்தது. அதற்கு மலையேற்றம் சரிப்பட்டு வராது, பாதி வழியில் படுத்துவிடும். அவளும் அதோடு நிழலில் உட்கார்ந்துகொள்வாள். நானும் செவலையும் மேலே போய் வருவோம்.