பலகையில் வைத்த வளையல்

வட்டம் போட்டேன், திரையில் முட்டை வந்தது. மூன்று நாளும் முட்டைதான்.

சிம்மக்கல்லில் ஒரு எம்பிராய்டரி கடையில் ஜாக்கெட்டுக்கு டிசைன் வரைவது என் வேலை. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. நான் பேப்பரில் வரைந்ததை ஸ்கேன் செய்து மிஷினுக்குக் கொடுத்துவந்தார்கள். அதற்கு நேரமாகிறதென்று முதலாளி கிராஃபிக்ஸ் டேப்லெட் வாங்கினார். சிலேட்டு மாதிரி ஒரு கறுப்புப் பலகை, ஒரு பேனா. பலகையில் வரைந்தால் கோடு கம்ப்யூட்டரில் விழும்.

கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர் பழங்காநத்தத்துக்காரர். பெரிய படிப்பு. வயரைச் செருகினார், பேனாவை ஆட்டினார், அம்புக்குறி ஆடியது. "பலகைய ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர் அதுலயே இருக்கு, முடிஞ்சது" என்று காபி குடிக்கப் போய்விட்டார். ஒரு கோடு வரைந்து பார்க்கவில்லை. சோறு வெந்ததா என்று மூடியைத் தட்டிப் பார்க்கிற ஆள்.

பேனா பாதிப் பலகையைத் தாண்டினால் அம்புக்குறி காணாமல் போனது. கேட்டதற்கு, அந்தப் பக்கம் போகாதீர்கள் என்றார். வைத்தியம் அவ்வளவுதான்.

முட்டையைக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

"வயசாச்சுல்லண்ணே. பாட்டிக்குக் கை நடுங்குது" என்றார் முதலாளியிடம், நான் அங்கே இல்லாதது போல.

முதலாளியும் தலையாட்டினார். இனி நெட்டில் டிசைன் எடுத்துக்கொள்கிறோம், நீங்கள் வீட்டில் ஓய்வெடுங்கள் என்றார். ஓய்வு வேண்டுமென்று நான் மனுப் போடவில்லை.

நடுங்குகிற கை கோணல்மாணலாக வரையும். மூன்று நாளும் ஒரே அளவில் படுத்த முட்டையாக எப்படி வரையும்? கண்ணாடி வளையல் ஒன்றைக் கழற்றிப் பலகையில் வைத்தேன்.

"தம்பி, இதுக்குள்ள பேனாவ விட்டு நீயே சுத்து. ஒன்னுது எளவயசுக் கைதான."

சுற்றினார். முட்டை.

"வளையலுக்கும் வயசாயிருச்சு போல" என்றேன்.

அப்போதுதான் அவர் தலை நிமிர்ந்தது. வாடிக்கையாளருக்கு டிசைன் காட்ட, என் முதுகுக்குப் பின்னால் சுவரில் இன்னொரு திரை உண்டு. மாட்டியவரும் அவரே. பலகையில் பாதி என் திரைக்கும் மீதிப் பாதி அந்தத் திரைக்கும் போயிருந்தது; அம்புக்குறி காணாமல் போனதும் வட்டம் அகலமாக இழுபட்டதும் அதனால்தான். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரி கட்டளை தட்டி, பேனாவை என் திரைக்கு மட்டும் கட்டினார். வட்டம் வட்டமாக வந்தது. முதலாளி ஓய்வுப் பேச்சை விட்டார்.

மறுநாள் காலை மறுபடி முட்டை. கம்ப்யூட்டரை அணைத்ததும் அந்த வரியை அது மறந்துவிட்டதாம்.

"அம்புட்டு வெவரமான பொட்டிக்கு ஒரு நாள் ஞாபகம்கூட இல்லையாப்பா" என்று போனில் கேட்டேன்.

வந்து, கம்ப்யூட்டர் திறக்கும்போதே அந்த வரி தானாக ஓடும்படி எழுதிவைத்தார். என் கையைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

ஒரு மாதம் கழித்து எங்கள் கடையில் உட்கார்ந்துகொண்டு பரவை ஊரில் இதே மாதிரி பலகை வாங்கிய கடைக்காரர் ஒருவரிடம் போனில் பேசினார்: "அண்ணே, வரையிற ஆள வையாதீக. மொதல்ல பலகையில ஒரு வளையல வச்சு சுத்திப் பாருங்க."

யார் வளையல் என்று சொல்லவில்லை. நான் அடுத்த மேசையில்தான் இருந்தேன்.

புதிதாக வரைய வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சாமான் கெட்டால் பழி முதலில் கைக்குத்தான் வரும். கையை ஒளித்துக்கொள்ளாதீர்கள். வளையலைக் கழற்றுங்கள்.