லுவானின் பாதிப் பேச்சு

லுவான் தெசாங், சீனாவின் ஷான்தோங் மாகாணத்துச் சிறு நகரம் ஒன்றில், உள்ளூர்ப் பத்திரிகைக்குப் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். அவர் கண்ட வித்தை ஒன்றே ஒன்று, இரண்டு பாதிச் சொலவடை. முன்பாதியில் ஒரு காட்சி, எழுதினால் நடுவே நீண்ட கோடு, பின்பாதியில் அதன் பொருள். பின்பாதி எல்லோருக்கும் தெரியும் என்பதால் முன்பாதியோடு நிறுத்துவதுதான் அழகு. லுவானுக்கு அந்த நிறுத்தத்தின் மேல் அப்படி ஒரு மோகம். பேச்சுக்குப் பேச்சு நிறுத்திவிட்டு, புருவத்தைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார். மீதியைத் தானே சொல்வது படிக்காதவன் வேலையாம். அந்தப் புருவத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள் மனைவி மியாவ் குய்ஜி.

ஓய்வுக்குப் பிறகு பழைய சொலவடைகள் போதாமல், சொந்தமாகவே கட்ட ஆரம்பித்தார். யாருக்கும் தெரியாத பின்பாதியை யார் முடிப்பார்கள் என்பது அந்த மண்டைக்கு உறைக்கவில்லை.

மகனுக்குப் பார்த்த பெண்ணின் பெற்றோர் முதன்முறையாக விருந்துக்கு வந்தார்கள். பெண்ணின் அப்பா ஜி பாவ்தியன் லாரி ஓட்டுபவர். நாற்காலி கொள்ளாத உடம்பு. முக்கிய விருந்தாளிக்கான மரியாதையாக, கெண்டை மீனின் தலையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள் குய்ஜி. லுவான் மதுக் கிண்ணத்தோடு எழுந்தார்.

"சம்பந்தி, உங்களப் பாத்தா பன்னி தராசுல ஏறின மாதிரி..."

புருவம் ஏறியது.

"மாதிரி?" என்றார் ஜி.

லுவான் சிரித்துக்கொண்டே நின்றார்.

"சொல்லித் தொலை," என்று பல்லைக் கடித்தாள் குய்ஜி.

"சொன்னா ருசி போயிடும்."

ஜி கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார்.

"ஏறினாத்தான் மதிப்பு தெரியும். அதான் பின்பாதி," என்றார் லுவான், கதவு சாத்தியபின். "கோடு என் குரல்லயே இருந்துச்சே. அந்தாளுக்குக் காது இல்ல."

"கோடா? உன் புள்ள வாழ்க்கைக்குக் குறுக்கால போட்டிருக்க."

மறுநாள் குய்ஜி பஸ் ஏறி ஜி வீட்டுக்குப் போனாள். "அண்ணே, எங்க வீட்டுக்காரர் கெட்டவர் இல்ல, வெறும் முட்டாள்," என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை ஒரே மூச்சில் முழுதாகச் சொன்னாள்.

ஜி அவளையே பார்த்தார். "இத அவரு சொல்லியிருந்தா இன்னொரு கிண்ணம் குடிச்சிருப்பேனே, தங்கச்சி."

"அவரு சொல்ல மாட்டாரு. கல்யாணத்துல பேசவும் நான் விட மாட்டேன்."

கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா பேசவேண்டிய இடத்தில் குய்ஜியே பேசினாள். சில வாக்கியங்கள்தான், எல்லாமே முழுதாக முடிந்தன. இந்தக் காலத்து ஜனங்களுக்கு இலக்கணமே தெரியவில்லை என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் அலுத்துக்கொண்டார் லுவான். நண்டு உடைப்பதில் மும்முரமாக இருந்த அந்த மனிதர், காதில் வாங்காமலே தலையாட்டினார்.