பஞ்சவர்ணத்துக்குக் காப்பு கட்டிய ஊர்

வெற்றிச்செல்விக்கு வயது நாற்பத்தொன்று. பஞ்சவர்ணத்துக்குப் பத்தொன்பது. மூன்று வருடமாக அதே பத்தொன்பதுதான். இரண்டு பேருக்கும் தொண்டை மட்டும் ஒன்று.

பஞ்சவர்ணம் ஒரு பொம்மைப் பெண். லாரி அகலத்துக்கு நிற்கும் எல்.இ.டி. திரையில் தோன்றி, பாட்டுக்கு ஒரு நிறமாகக் கூந்தலை மாற்றிக்கொண்டு பாடுவாள். பக்கத்தில் ஒரு வெள்ளாடு கீபோர்டு வாசிக்கும். பின்னால் டைனோசர் ஒன்று ட்ரம்ஸ் அடிக்கும். டைனோசர் எதற்கு என்று அரியலூர்க்காரர்கள் யாரும் கேட்டதில்லை. டைனோசர் முட்டையே நம் மண்ணில் கிடைத்திருக்கும்போது, தாளம் போட மட்டும் வெளியூரிலிருந்தா ஆள் வரவேண்டும்?

ஆடும் டைனோசரும் கம்ப்யூட்டர் சொன்னபடி ஆடும். பஞ்சவர்ணம் மட்டும் உயிரோடு இருப்பாள். “ஏ, செவப்புச் சட்ட! தண்ணி போட்டுட்டு வந்தா ஒழுங்கா ஆடணும்” என்று கூட்டத்தில் ஒருவனைப் பிடிப்பாள். ஊர் கூரை பிய்ந்துபோகச் சிரிக்கும். அந்த உயிர், திரைக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும். வெற்றிச்செல்வியின் உடம்பெங்கும் பொட்டுப் பொட்டாகக் கருவி ஒட்டிய கறுப்பு உடுப்பு. அவள் கையைத் தூக்கினால் பஞ்சவர்ணம் தூக்குவாள். தரையில் மஞ்சள் டேப்பால் ஒரு சதுரம். அதைத் தாண்டிக் கால் வைத்தால் திரையில் பஞ்சவர்ணத்துக்கு அந்தக் கால் இருக்காது. ஒருமுறை அப்படி ஆகி, முன்வரிசைக் குழந்தை காய்ச்சலில் படுத்துவிட்டது.

அதற்கு முன்னால் வெற்றிச்செல்வி சொந்த முகத்தோடுதான் பாடிக்கொண்டிருந்தாள். களை பறித்த குடும்பத்தில் மேடை ஏறிய முதல் ஆள். சின்னதுரையின் இன்னிசைக் குழுவில் பத்து வருடம். ஒருநாள் சின்னதுரை சொன்னார்: “கொரலுக்கு வயசாகல செல்வி. ஒனக்குத்தான் ஆயிட்டு வருது.” அடுத்த மாதமே பொம்மையும் பெட்டியும் வந்துவிட்டன. பெட்டிக்குள் ஆள் இருப்பது வெளியே தெரியக்கூடாது என்பது சட்டம். வேனுக்குக் கறுப்புக் கண்ணாடி. கேட்டால், “எல்லாம் கம்ப்யூட்டருங்க.” உண்மையைச் சொல்வதானால் பஞ்சவர்ணத்துக்கு ஒரு சௌகரியமும் இருந்தது. அவள் எந்தத் தெருக்காரி என்று எந்த ஊரும் கேட்டதில்லை. கார்ட்டூனுக்குத் தெரு கிடையாது.

இப்படி இருக்கையில் ஆர்த்தி போன் செய்தாள். பழைய குழுவில் கூடப் பாடியவள். இப்போது ஜெயங்கொண்டத்தில் சொந்தமாகக் கச்சேரி வைக்கிறாள். “ஞாயித்துக்கெழம கல்யாண ரிசப்ஷன்க்கா. நீ பாடுற. மொகத்தக் காட்டிப் பாடுற. வரலன்னா இனிமே ஒன்னக் கூப்பிட மாட்டேன், ஆமா.”

வெற்றிச்செல்வி மாம்பழ நிறத்தில் ஒரு புடவை எடுத்தாள். வெள்ளிக்கிழமை வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு அம்மன் கோயில் திருவிழாவில் ஒரு நிகழ்ச்சி, சனிக்கிழமை பக்கத்து ஊரில் ஒன்று. முடித்துவிட்டுக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

ஆனால் அந்த ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் பரம்பரைப் போட்டி. சனிக்கிழமை பஞ்சவர்ணம் பக்கத்து ஊரில் பாடப்போகிறாள் என்ற சேதி விழாக் கமிட்டித் தலைவர் மாயவன் காதில் விழுந்தது. மனுஷன் ஆத்திரப்படவில்லை, யோசித்தார். அம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால் தேரோடி முடியும்வரை ஊர்க்காரன் எவனும் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது அங்கே வழக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டு உச்சத்தில் இருந்தபோது மாயவன் பூசாரியோடு மேடை ஏறினார். திரைக்குக் கற்பூரம் காட்டி, அம்மன் கழுத்து மாலையைச் சார்த்தி, திரையின் இரும்புச் சட்டத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். “இன்னையிலேருந்து பஞ்சவர்ணம் நம்மூருப் பொண்ணு. தேரு முடியிறவரைக்கும் எங்கயும் போவாது!”

பெண்கள் குலவையிட்டார்கள். பெட்டிக்குள் வெற்றிச்செல்வி கும்பிட்டாள். வேறென்ன செய்வது? ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறதே.

மறுநாள் காலை சின்னதுரை கையைப் பிசைந்தார். “தேருக்கு இன்னும் அஞ்சு நாள் கெடக்கு. தாண்டுனா சாமிக்குத்தம் செல்வி.”

“காப்பு கட்டுனது இரும்புக் கம்பிக்கி. எனக்கு எங்க கட்டுனாங்க?”

“நீ போயிட்டா அதுக்கு யாரு பாடுறது? டைனோசரா?”

“நாளைக்கி நான் போவணும் சார்.”

“எல்லையில ஆள் போட்டிருக்காங்க. வேன் நவுராது.”

அன்றும் பாடினாள். மஞ்சள் சதுரத்துக்குள் நின்று, போக முடியாத பக்கத்து ஊரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். பெட்டியின் தகரம் வெயிலை உள்ளுக்குள்ளேயே வைத்திருந்து மெதுவாகத் திருப்பிக் கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஒரு காரியம் செய்தாள். மாம்பழப் புடவையைக் கட்டிக்கொண்டு, பட்டப்பகலில் கோயில் பந்தலுக்கு நேராக நடந்துபோனாள். கமிட்டி டீ குடித்துக்கொண்டிருந்தது.

“ஐயா, பஞ்சவர்ணத்துக்குப் பாடுறது நான்தாங்க. எனக்குச் சோலி கெடக்கு. காப்ப அவுத்து உடுங்க.”

மாயவன் சிரித்தார். அவள் இரண்டு வரி பாடினாள். சிரிப்பு நின்றது. எழுந்தே விட்டார்.

“அடி ஆத்தா! நீதானா அது? ஒக்காரு, ஒக்காரு. டேய், டீ கொண்டா! அப்ப காப்ப ஒங் கையிலல்ல கட்டணும்! எந்த ஊரும்மா நீ?”

“கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கங்க.”

“ஊருல எந்தப் பக்கம்?”

சாதியை வாய்விட்டுக் கேட்கிற காலம் மலையேறிவிட்டது. இப்போது எல்லோரும் திசைதான் கேட்கிறார்கள்.

“கெழக்கால, கடைசித் தெரு” என்றாள்.

வந்த டீ பாதி வழியில் நின்றது. மாயவன் மெதுவாக உட்கார்ந்தார். அம்மன் கழுத்து மாலை, கற்பூரம், குலவை, நம்மூருப் பொண்ணு எல்லாம் கமிட்டியின் கண்முன் வரிசையாக வந்து நின்றன. குற்றம் என்று சொன்னால் செய்தது கமிட்டி. குற்றமில்லை என்றால் கயிற்றை இவள் கையில் கட்டவேண்டும். தலைகள் சற்று நேரம் கூடிக் குசுகுசுத்தன.

மாயவன் தொண்டையைச் செருமினார். “நாங்க ஒன்னப் பாக்கலம்மா.”

“அதான் எதுத்தாப்புல நிக்கிறேனே.”

“இல்ல. நீ வரல. எதுவும் சொல்லல. போயி உள்ள இரு. சாயந்தரம் பஞ்சவர்ணம் பாடணும்.”

தகரப் பெட்டிக்குக் கதவாவது உண்டு. இது கதவில்லாத பெட்டி. வெற்றிச்செல்வி இரண்டடி திரும்பி நடந்தாள். பிறகு நின்றாள். பார்க்காத ஆளை எப்படி நிறுத்துவார்கள்?

பஸ் நிற்கும் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள்.

எல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வீரமணி எழுந்து பந்தலைப் பார்த்துக் கத்தினான். “மாமா! ஒரு பொம்பள போவுது. உடவா?”

மாயவன் பந்தலின் ஓலையை எண்ணுவதுபோல் மேலே பார்த்தார். “எந்தப் பொம்பள?”

“இந்தா, மாம்பழக் கலருல!”

“அங்க யாரும் இல்லடா.”

“கண்ணு முன்னால போவுது மாமா!”

“யாரும் இல்லன்னா இல்ல. மூடிக்கிட்டு ஒக்காரு!”

அந்த யாருமில்லாதவள் வீரமணியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு எல்லையைத் தாண்டினாள்.

அன்று சாயங்காலம் திரையில் பஞ்சவர்ணம் அசையாமல் நின்றாள். கண்ணை மட்டும் கம்ப்யூட்டர் சிமிட்டியது. ஆடும் டைனோசரும் ஆளில்லாப் பாட்டுக்கு வாசித்தன. சின்னதுரை மைக்கைப் பிடித்து, “பஞ்சவர்ணம் மௌன விரதம்ங்க” என்றார். ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மாயவன் எல்லோரையும்விடச் சத்தமாகப் போட்டுக்கொண்டார்.

அதே நேரம் ஜெயங்கொண்டத்தில் வெற்றிச்செல்வி மேடையில் நின்றாள். முதல் பாட்டு முடிந்தது. கைதட்டல் முகத்தில் வந்து விழுந்தது. பெட்டிக்குள் அது தகரத்தில்தான் விழும். முன்வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா குரல் கொடுத்தார்: “அச்சு அசலா பஞ்சவர்ணம் மாதிரியே பாடுற பாப்பா. அந்தப் புள்ள பாட்டு ஒண்ணு எடுத்து உடேன்!”

ஆர்த்தி பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள். “அதையே பாடு, போவட்டும். ஆனா ஏன்க்கா நட்டு வச்ச மொளக்குச்சியாட்டம் நிக்கிற? மேட பூரா ஒனக்குத்தான், முன்னால போ.”

வெற்றிச்செல்வி கீழே பார்த்தாள். சிவப்பு விரிப்பு. டேப் எதுவும் இல்லை. ஆனால் அவள் கால்களுக்கு அந்தச் சதுரம் எங்கே இருக்கிறது என்று அங்குலம் பிசகாமல் தெரிந்தது.

பாட்டைத் தொடங்கினாள். இரண்டாவது சரணத்தில் வலது காலைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தாள். வைத்துவிட்டு, அந்தக் கால் இருக்கிறதா என்று குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.